இழுக்கலை சார்... இன்ஜின் இழுக்கலை!

டீசல் என்றால் பங்க்கில் விற்கிற எண்ணெய் என்றுதான் நமக்குத் தெரியும். உண்மையில் அது ஓர் ஆளின் பெயர். ருடால்ஃப் டீசல். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில், ஸ்பார்க் பிளக் இல்லாமலே எரிகிற ஓர் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினாரே, அவர்தான்.

அவருடைய முடிவு எந்தத் துப்பறியும் தொடர்கதைக்கும் குறைந்ததல்ல. 1913 செப்டம்பர் 29-ம் தேதி சாயங்காலம், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து போகும் 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறினார். இரண்டு சகாக்களோடு சாப்பிட்டார். 'காலை ஆறேகாலுக்கு எழுப்புங்கள்' என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். காலையில் பார்த்தால் அறை காலி. படுக்கை கசங்கவே இல்லை! சுமார் பத்து நாள் கழித்துக் கடலில் ஒரு உடல் மிதந்தது. தற்கொலையா, கொலையா, கால் இடறியதா என்று இன்னமும் பட்டிமன்றம் நடக்கிறது. டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்தவர் கடைசியாகப் போன கப்பல், ஒரு நீராவிக் கப்பல்!

மனிதர் போனார். இன்ஜின் நின்று விளையாடியது. அதற்கு முந்தைய வருஷமே, 1912-ல், டென்மார்க்கின் 'செலாண்டியா' கப்பல் டீசலில் கடல் கடந்துவிட்டது. 1953-ல் கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் நார்வேக்காரர்கள் உதவியோடு விசைப்படகு மீன்பிடிப்பு தொடங்கியது. இன்று காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று எங்கே போய்ப் பார்த்தாலும், விசைப்படகின் வயிற்றுக்குள் ஒரு டீசல் இன்ஜின் உட்கார்ந்து தடதடத்துக்கொண்டிருக்கிறது.

அது ஒருநாள் 'என்னால முடியாது' என்றால்?

நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. டீசல் இல்லை, பேட்டரி இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் சீக்கிரம் அகப்பட்டுவிடும். ஓடுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்கிற கேஸ்தான் ஆளை அலைக்கழிக்கும். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பவரால் ஆபீஸுக்கு நஷ்டமில்லை. தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து ஃபைலை மட்டும் நகர்த்தாதவரால்தான் நஷ்டம் என்பது நமக்குத் தெரியாததா?

ஏழரையா, ஒன்பதா?

'கொஞ்சம் மெதுவாப் போனா என்ன, பொறுமையாப் போய்ச் சேரட்டுமே' என்று கரையில் இருக்கிற நாம் கேட்கலாம். ஒரு கணக்கு பாருங்கள்.

1800 ஆர்.பி.எம். வரை போக வேண்டிய இன்ஜின் 1500-லேயே நின்றுவிடுகிறது. குறைந்தது 300 சுற்றுதான். ஆறில் ஒரு பங்கு. ஆனால் புரொப்பல்லரின் கணக்கு வேறு. அதைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, சுற்று வேகத்தின் மூன்றாவது மடியாக ஏறும், இறங்கும். அதே புரொப்பல்லர், அதே படகு என்றால், 1500 சுற்றில் இன்ஜின் கொடுப்பது முழு சக்தியில் சுமார் 58 சதவீதம்தான். 150 குதிரை பூட்டிய வண்டியில் 63 குதிரைகள் காணோம்!

இப்போது கரையிலிருந்து 60 கடல் மைல் தள்ளி, அதாவது 111 கிலோமீட்டரில், வலை போட்டுக்கொண்டிருக்கும்போது வயர்லெஸ்ஸில் புயல் எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாட் வேகத்தில் வந்தால் கரை சேர ஏழரை மணி நேரம். சுற்று குறைந்த இன்ஜினோடு வந்தால் சுமார் ஒன்பது மணி. ஏழரை பிடித்தால் ஆகாது என்பார்கள். கடலில் ஏழரை பிடித்தவன்தான் பிழைத்தான். ஒன்பதுக்காரன் பாடுதான் திண்டாட்டம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு என்ன செய்தது என்பது தெரிந்தவர்களுக்கு, ஒன்றரை மணி நேரத்தின் விலையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒற்றைப் படகு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001-ல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017-லிருந்து 61 நாள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விடுகிற லீவு. இந்த லீவில்தான் படகைக் கரையேற்றி, அடிப்பக்கம் சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பார்த்து, வலை பின்னி முடிப்பார்கள். ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும், எல்லாப் படகும் ஒரே மூச்சில் புறப்படும்.

போன சீசனில், தடை முடிந்து இரண்டாம் நாள் காலை காசிமேட்டுக்குப் போயிருந்தேன். முதல் மீன் வந்து இறங்குவதைப் பற்றி எழுதலாம் என்று உத்தேசம். படகெல்லாம் போய்விட்டதில் துறைமுகம் கல்யாணம் முடிந்த சத்திரம் மாதிரி இருந்தது. பளபளவென்று புதுப் பச்சை பெயின்ட்டோடு ஒரே ஒரு படகு மட்டும் நின்றுகொண்டிருந்தது. மேலே எட்டுப் பேர் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

'முந்தாநாள் ராத்திரி எல்லாரோடவும்தான் சார் போனோம். அரை மணி நேரம் சூப்பரா போச்சு. அப்பால இழுக்கவே இல்ல. திருப்பிக்கினு வந்துட்டோம்' என்றார் ஓனர். ஐம்பது வயதிருக்கும். 'ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் ஃபுல்லு. ஐஸு உருகிக்கினே கீது. இன்னாத்த சொல்றது?'

நேற்று ஒரு மெக்கானிக் வந்து பார்த்தாராம். நியூட்ரலில் முறுக்கிப் பார்த்தாராம், காதை வைத்துக் கேட்டாராம். 'கம்ப்ரஷன் போச்சு. ஹெட்டை இறக்கி, ரீபோர் பண்ணணும். லட்சத்துக்கு மேல ஆகும், பத்து நாள் ஆகும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஓனரின் மனைவி வளையல்களைக் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். பை அவர் மடியிலேயே இருந்தது. அடகுக்கடை திறக்கப் பத்து மணி ஆகும்.

'எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுட்டு அப்புறம் போலாம்ணே' என்று டிரைவர் பையன் சொன்னதன் பேரில் ஒரு மேஸ்திரிக்கு ஆள் போயிருந்தது. அவர் டீ குடித்துவிட்டு நிதானமாக வந்து சேர்ந்தார். நான் மீனை மறந்துவிட்டு மேஸ்திரியோடு ஒட்டிக்கொண்டேன். மூன்று மணி நேரம். டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி ஒரு வேலை அது.

முதல் கேள்வி

மேஸ்திரி ஸ்பானரைத் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். எப்ப ஆரம்பிச்சுது? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா? கிளம்பும்போது நல்லா இருந்துச்சா? தடைக்காலத்துல என்னென்ன வேலை பார்த்தீங்க? புரொப்பல்லர் மாத்தினீங்களா? புகை என்ன கலரு?

'இன்னா மேஸ்திரி, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்கற?' என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

'இருண்ணே. இஞ்சினு வாயத் தொறந்து பேசாது. அதுக்கு நீதான் சாட்சி.'

பிறகு என் பக்கம் திரும்பி, 'சார், வேகம் வர்லன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, இஞ்சினுக்கு சக்தி பத்தல. இல்லாட்டி, சுமை ஜாஸ்தி. எதுன்னு தெரியாம எவனாவது ஹெட்டுல கை வச்சான்னா, அவன் கைய உடைக்கணும்' என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கவர்னர் யார் என்று தெரிய வேண்டும். (கிண்டியில் இருப்பவர் இல்லை!)

டீசல் இன்ஜினில் லிவரைத் தள்ளுவது என்பது ஓர் உத்தரவு மட்டும்தான்: 'எனக்கு 1800 சுற்று வேண்டும்.' அதை நிறைவேற்றுவது டீசல் பம்ப்பில் இருக்கும் கவர்னர் என்கிற உறுப்பு. சுமை கூடிச் சுற்று குறையப் பார்த்தால், அதுவே டீசலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் ஒரு சொட்டும் கொடுக்காது. எல்லையைத் தொட்ட பிறகும் சுமை மிச்சம் இருந்தால், சுற்று இறங்கத்தான் செய்யும்.

நியூட்ரலில் போட்டால் சுமையே இல்லை. கொஞ்சம் டீசல் போதும், சுற்று ஏறிவிடும். அதனால் நியூட்ரலில் இன்ஜின் முழு வேகம் எட்டினால், லிவரும் கேபிளும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் சுமையா, சக்தியா என்று அது சொல்லாது. நேற்று வந்தவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் 'கம்ப்ரஷன்' என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார்.

காசு செலவில்லாத சோதனைகள்

முதலில் மீட்டரையே சந்தேகப்பட்டார். பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்தார். இன்ஜினின் முன் புல்லியில் ஒரு துண்டு பளபளப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் ஒளியைக் காட்டினால் நிஜமான சுற்று தெரிந்துவிடும். 'டாஷ்போர்டு மீட்டரு பொய் சொல்லும் சார். பொய்யை நம்பி இஞ்சினைப் பிரிச்சவங்க எத்தினியோ பேரு.' மீட்டர் சரியாகவே இருந்தது.

இரண்டாவது, லிவர். மேலே டிரைவர் முழுசாகத் தள்ள, கீழே மேஸ்திரி பம்ப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தார். கேபிள் நீண்டுபோயிருந்தால், மேலே 'ஃபுல்' என்று தெரியும், கீழே முக்கால்தான் போயிருக்கும். அப்படியும் இல்லை. கடைசி ஸ்டாப்பரைத் தொட்டது.

மூன்றாவது, காற்று. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். இன்ஜின் ரூம் மூடியை இறுக்கி மூடிவிட்டு ஓட்டினால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். இதற்குச் சோதனை சுலபம்: முழு வேகத்தில் போகும்போது மூடியைத் திறந்து பார். சுற்று ஏறினால் குற்றவாளி மூடிதான்.

இதற்கெல்லாம் படகு ஓட வேண்டும். கரையில் கயிறு கட்டிவிட்டு கியரைப் போட்டு முறுக்கினால் எந்த நல்ல இன்ஜினும் முழுச் சுற்று எட்டாது. படகு முன்னே நகராதபோது புரொப்பல்லருக்குச் சுமை அதிகம். அதைப் பார்த்து இன்ஜின் மோசம் என்று சொல்வது, கையைப் பிடித்து நிறுத்திவிட்டு 'ஏன் ஓடலை?' என்று கேட்கிற மாதிரி.

ஆகவே, கயிற்றை அவிழ்த்தோம். நானும் ஏறிக்கொண்டேன். துறைமுக வாயைத் தாண்டியதும் டிரைவர் லிவரைத் தள்ளினார். 1800! படகு கிண்ணென்று சீறியது. எட்டுப் பேரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

'இப்ப நல்லாத்தான் போவும். இருங்க.'

புகை சொன்ன சாட்சி

இருபத்தைந்து நிமிஷம். 1750... 1680... 1600. இன்ஜினின் குரல் கம்மியது. கடைசியில் 1500-ல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓனர் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி பின்னால் போய்ப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். அந்தப் படகில் அன்று சிரித்த முதல் ஆள் அவர்தான்.

'சார், புகை இன்னா கலரு?'

'புகையே இல்லையே.'

'அதான் விஷயம்.'

பிறகு பாடம் நடத்தினார். இன்ஜின் சுமை தாங்காமல் திணறினால் கவர்னர் டீசலை அள்ளிக் கொட்டும். எரிய முடியாத டீசல் கரியாக வெளியே வரும். அது கறுப்புப் புகை. காற்று போதாவிட்டாலும் கறுப்புதான். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது, அல்லது உள்ளே தண்ணீர் போகிறது. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், போர் தேய்ந்திருக்கலாம். ரீபோர் பேச்சு அங்கேதான் வரும்.

இங்கே மூன்றும் இல்லை. லிவர் முழுசாகத் தள்ளியிருக்கிறது, சுற்று இறங்குகிறது, புகை சுத்தம். அப்படியென்றால் கவர்னர் கேட்கிற டீசல் வந்து சேரவே இல்லை. பட்டினி கேஸ்! தவிரவும், கம்ப்ரஷன் போன இன்ஜின் முதல் அரை மணி நேரம் மட்டும் பிரமாதமாக ஓடி, பிறகு படுத்துக்கொள்ளாது.

டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை டீசல் வருகிற வழியில் எங்கேயோ கழுத்தை நெரிக்கிறார்கள். எங்கே?

கேன் வைத்தியம்

இன்ஜினை நிறுத்தச் சொல்லி நங்கூரம் போட்டார்கள். மேஸ்திரி ஒரு சுத்தமான கேனில் வடிகட்டிய டீசலை ஊற்றினார். டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு தனிக் குழாயைக் கேனுக்குள் விட்டார். இன்ஜினிலிருந்து திரும்பி வருகிற ரிட்டர்ன் குழாயையும் கேனிலேயே போட்டார். குழாயைக் கழற்றி மாட்டினால் ஏர் பிடித்துக்கொள்ளும். டீசலுக்கு நடுவே ஒரு காற்றுக் குமிழி இருந்தால் போதும், பம்ப் தடுமாறும். அதனால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுத்தார்.

ஸ்டார்ட். கியர். லிவர்.

1800. பத்து நிமிஷம் ஆகியும் 1800. மூச்சு வாங்கவில்லை.

கேனில் ஓடினால் நல்லா இருக்கு, டேங்க்கில் ஓடினால் படுத்துக்குது. இன்ஜினும் பம்ப்பும் நாசிலும் ஒரே அடியில் விடுதலை! குற்றவாளி டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில்தான். லட்ச ரூபாய் ரீபோரை ஒரு கேன் டீசல் தள்ளுபடி செய்துவிட்டது.

மீண்டும் பழைய குழாயை மாட்டினார். ஃபில்டரைப் பார்த்தார். தடைக்காலத்தில் மாற்றிய புது ஃபில்டர். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தில் தண்ணீரும் இல்லை, அழுக்கும் இல்லை. குழாய் எங்கேயும் மடங்கவில்லை. 'அப்ப ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி' என்று, மறுபடி சுற்று இறங்குகிற வரை காத்திருந்தார். 1500-க்கு வந்ததும் டேங்க் மூடியில் கை வைத்துத் திருகினார்.

'உஸ்ஸ்ஸ்ஸ்...'

காற்றை உறிஞ்சிக்கொண்டது டேங்க். அடுத்த நிமிஷமே இன்ஜினின் குரல் உயர்ந்தது. 1600... 1700... 1800.

புதுப் பெயின்ட்

பள்ளிக்கூடத்து அறிவியல்தான். இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டுவிட்டு, ஓட்டையைக் கையால் இறுக்கி மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கொஞ்சம் வரும், பிறகு வராது. டேங்க்கும் அப்படித்தான். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக டேங்க்கிலிருந்து மேல்தளத்துக்கு, கொக்கின் கழுத்து மாதிரி வளைந்த ஒரு குழாய் வரும். பிரீதர் குழாய். அதன் வாயில் ஒரு மெல்லிய கம்பி வலை.

போய்ப் பார்த்தோம். பளபளவென்று புதுப் பச்சை பெயின்ட். குழாயின் மேல் ஒரு கோட், வளைவில் ஒரு கோட், கம்பி வலையின் மேலும் அழகாக ஒரு கோட்! தடைக்காலத்தில் பெயின்ட் அடித்தவர் கடமை உணர்ச்சியோடு ஒரு கண்ணையும் விட்டுவைக்காமல் அடைத்திருந்தார்.

டீசல் ஊற்றும்போது மூடியைத் திறந்ததால் டேங்க்குக்குள் அழுத்தம் சமமாகிவிட்டது. அதனால்தான் கிளம்பும்போது ராஜா மாதிரி ஓடியது. ஓட ஓட உள்ளே வெற்றிடம் கூடியது. டேங்க் முழுக்க டீசல் இருந்ததால் மேலே காற்றுக்கு இடமும் குறைவு. எனவே வெற்றிடம் சீக்கிரம் வந்தது. ஃபீட் பம்ப் இழுத்தும் டீசல் வரவில்லை. மூடிக்கு ரப்பர் வாஷர் வேறு. கடல் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று இறுக்கிப் போட்டிருந்தார்கள்.

கொஞ்சம் தின்னர், ஒரு கம்பி பிரஷ், கால் மணி நேரம். வலை கண் திறந்தது. ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். முள் 1800-ஐ விட்டு நகரவில்லை.

கரைக்கு வந்து என்னையும் மேஸ்திரியையும் இறக்கிவிட்டார்கள். ஓனர் மஞ்சள் பையைச் சுருட்டி என் பின்னால் நின்ற தன் மகனிடம் கொடுத்து, 'அம்மாகிட்ட குடு. போட்டுக்கச் சொல்லு' என்றார். அவ்வளவுதான் பேசினார். ஐஸ் பாதி உருகியிருந்தது. மீதிக்குப் புது ஐஸ் ஏற்றிக்கொண்டு, மத்தியானத்துக்குள் படகு போய்விட்டது.

புகை கறுப்பாக இருந்தால்?

இந்தக் கேஸில் புகை சுத்தம். கறுப்பாக இருந்திருந்தால் மேஸ்திரி எதிர்த் திசையில் போயிருப்பார்: தண்ணீருக்கு அடியில்!

கொட்டலசு என்று ஒரு ஜந்து. சின்னச் சின்ன எரிமலை மாதிரி ஓட்டோடு, கப்பல் அடியிலும் புரொப்பல்லரிலும் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் ஒட்டினால் படகின் வழவழப்பு போய் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். புரொப்பல்லரில் ஒரு மெல்லிய படலம் படிந்தால்கூட இன்ஜினுக்குத் தெரியும். பல வாரம் கட்டியே கிடந்த படகு வேகம் வராமல் திணறினால், முதல் சந்தேகம் இதன் மேல்தான். சுரண்டினால் சரியாகிவிடும்.

இன்னொன்று, மிதந்து வருகிற பழைய வலை, நைலான் கயிறு. ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டால் சுற்று திடீரென்று விழும், படகு அதிரும். வளைந்த ஷாஃப்ட்டும், அடிபட்ட புரொப்பல்லர் இதழும் இதே மாதிரி அதிரும்.

மூன்றாவது, ஆசை. 'பெரிய புரொப்பல்லர் போட்டா இன்னும் இழுக்கும்ல?' என்று குறுக்களவையோ பிட்ச்சையோ கூட்டிவிடுவார்கள். பிட்ச் என்பது, வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் எத்தனை அங்குலம் முன்னேறும் என்கிற கணக்கு. அது இன்ஜினின் சக்திக்கு மேல் போனால், இன்ஜின் எப்போதும் கவர்னரின் எல்லையிலேயே முக்கிக்கொண்டிருக்கும். கறுப்புப் புகை, சூடு, கடைசியில் வால்வும் பிஸ்டனும் காலி. ஒருவர் வேலையை இரண்டு பேருக்காகச் செய்யச் சொன்னால் முதல் மாதம் செய்வார், ஆறாவது மாதம் ஆஸ்பத்திரியில் இருப்பார். 'அப்ப பெரிய இன்ஜினே போட்டுடலாமே' என்றால், தமிழ்நாட்டு விதிகளில் அதற்கும் 240 குதிரைசக்தி என்று உச்சவரம்பு இருக்கிறது.

மேஸ்திரியின் வரிசை

திரும்பி வரும்போது ஒரு டீக்கடையில் வைத்து அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டது இது. வரிசை மாறக்கூடாது என்று கண்டிப்பு.

1. மீட்டர் நிஜம் சொல்கிறதா?

2. லிவர் கீழே கடைசிவரை போகிறதா?

3. எப்போது ஆரம்பித்தது? அதற்கு முன் எதில் கை வைத்தார்கள்?

4. படகை ஓடவிட்டுப் புகையைப் பார். கறுப்பா, வெள்ளையா, நீலமா, ஒன்றுமே இல்லையா?

5. கறுப்பு என்றால் காற்று, பிறகு சுமை: மூடி, ஏர் ஃபில்டர், டர்போ இருந்தால் அதன் குழாய்கள், புகைபோக்கியில் கரி அடைப்பு, படகின் அடி, புரொப்பல்லர்.

6. புகை இல்லை என்றால் டீசல் வழி: பிரீதர், டேங்க்கின் அடி அழுக்கு, ஃபில்டர், தண்ணீர், குழாயில் ஏர், ஃபீட் பம்ப். சந்தேகம் தீர, கேன் வைத்தியம்.

7. இதெல்லாம் பார்த்த பிறகுதான் நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன்.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நாலையும் மாற்றினால் வண்டி சரியாகலாம். எதனால் சரியாச்சு என்று கடைசிவரை தெரியாது.

கூடவே மூன்று எச்சரிக்கைகள். ஓடுகிற ஷாஃப்ட், பெல்ட் பக்கம் லுங்கியோடு போகாதே. நாசில் குழாய் லீக் ஆகிறதா என்று கையை வைத்துப் பார்க்காதே. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டியிருக்கும். புரொப்பல்லரைப் பார்க்கத் தண்ணீரில் இறங்குமுன் இன்ஜினை அணைத்துச் சாவியை உன் பையில் போட்டுக்கொள்.

'இந்த வரிசைல இன்னா ரகசியம் தெரியுமா சார்?' என்றார், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. 'மேல இருக்கறதுக்கெல்லாம் காசு கெடயாது. கீழ போவப் போவத்தான் செலவு. ஆனா ஜனங்க எப்பவும் கீழயிருந்துதான் ஆரம்பிப்பாங்க.'

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.